ஆவுடையப்பனின் பேசாத கால்கள்

மணலிக்குறிச்சி என்று ஓர் ஊர், அந்த ஊரில் வீட்டுக்கு ஒரு சர்க்கரை நோய்க்காரர், சில வீடுகளில் இரண்டு பேர், எங்கள் தெருக்கோடி வீட்டில் மாமியார் மருமகள் மகன் என்று மூன்று பேர். அங்கே ஓர் ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலையில், பால்காரரின் மணிச் சத்தம் தெருமுனையைத் தாண்டுவதற்குள், அந்த நோய் உள்ள அத்தனை பேருடைய கால்களும் கட்டிலை விட்டு இறங்கித் தரையைத் தொட்டவுடன் பேச ஆரம்பித்தன. இடி இடிக்கவில்லை, வானத்தில் எதுவும் தெரியவில்லை. முந்தின நாள் ஊரில் ஒரு கல்யாணம் நடந்தது, மூன்று வகைப் பாயசம் போட்டார்கள், அவ்வளவுதான். மணலிக்குறிச்சி நடைப்பயிற்சி நலச் சங்கத்தின் செயலாளன் என்ற முறையில் இதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு. என் கால்களும் பேசின என்பதால் கூடுதல் தகுதியும் உண்டு.

என் கால்கள் சொன்னது இது. “வே பிச்சையா, நேத்துப் பந்தியில மூணு பாயசமும் குடிச்சீரு. அது பத்தாதுன்னு பஸ் ஸ்டாண்டுக்குப் பொறத்தால நின்னு மூணு ஜாங்கிரி தின்னீரு. மாத்திரையைப் போடாமலே போட்டுட்டேன்னு வீட்டுல சொன்னீரு. குளிச்சிட்டு வெரலு இடுக்கைத் தொடைக்கல, இடது சுண்டு வெரல்ல புண்ணு வரப் பாக்கு.” அடுக்களையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்த என் மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “மூணா? நான் ரெண்டு ஜாங்கிரின்னுல்லா நெனைச்சேன்” என்று மட்டும் சொன்னாள்.

கால்கள் ஏன் பேசுகின்றன என்று மணலிக்குறிச்சியில் யாரும் கேட்கவில்லை. இவ்வளவு சத்தமாகப் பேச வேண்டுமா என்பதுதான் ஊரின் முதல் புகார். இரண்டாவது புகார், யாருக்கெல்லாம் சுகர் இருக்கிறது என்று இதுநாள்வரை மூடி வைத்திருந்ததெல்லாம் ஒரே காலையில் தெருவுக்கு வந்துவிட்டதே என்பது. ஐந்து வருடமாக வைட்டமின் மாத்திரை என்று சொல்லி வேறு மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்த கல்யாணத் தரகரின் கால்கள் கடைவீதியின் நடுவில் நின்று அவருடைய மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க எங்களுக்கே பாவமாக இருந்தது, ஆனாலும் யாரும் காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

பிறகு ஊர் தன்னைச் சரிப்படுத்திக்கொண்டது, எந்த அதிசயத்தையும் ஒரு வாரத்துக்குள் வீட்டுச் சாமானாக்கிவிடும் ஊர் இது. ஜவுளிக்கடையில் காலுறை தீர்ந்துபோனது. ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று காலுறை போட்டால் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்கும் என்று கண்டுபிடித்தார்கள், குடத்துக்குள்ளிருந்தும் ஜாங்கிரி என்ற சொல் தெளிவாகவே கேட்டது. சிவன் கோயிலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும் என்பதால் சாயரட்சை பூஜையில் முந்நூறு கால்கள் ஒரே நேரத்தில் பேசி, ஓதுவார் பாடுவது அவருக்கே கேட்காமல்போக, அறங்காவலர்கள் கூடிப் பிராகாரம் முழுக்கச் சாக்கு விரித்துப் பார்த்தார்கள். சாக்கு குத்துகிறது என்று கால்கள் அதையும் சேர்த்துச் சொல்லின. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையை நாற்காலியில் உட்காரச் சொல்வதற்கு முன் கூடத்தில் ஐந்து நிமிடம் வெறுங்காலோடு நிற்கச் சொல்வது ஒரு சம்பிரதாயமாகவே ஆனது. ரத்தப் பரிசோதனைக்கு முந்தின மூன்று நாள் மட்டும் கோதுமைக் கஞ்சியும் கீரையுமாகக் கிடந்து, டாக்டரை ஏமாற்றிவிட்ட சந்தோஷத்தில் திரும்பும் வழியிலேயே அல்வா வாங்கும் எங்கள் பழைய வித்தை இனிப் பலிக்கவில்லை, ஏனென்றால் டாக்டர் அறையில் கால்கள்தான் முதலில் வாயைத் திறந்தன.

எங்கள் சங்கத்துக்கு வந்த சோதனையைத் தனியாகச் சொல்ல வேண்டும். தினமும் காலையில் பெரியகுளத்துக் கரையில் எட்டுச் சுற்று நடந்துவிட்டு, நடந்த களைப்புத் தீரக் கந்தையா கடையில் ஆளுக்கு மூன்று கீரை வடையும் ஒரு டீயும் சாப்பிடுவது சங்கத்தின் விதி. கீரை உடம்புக்கு நல்லது என்பதால் அந்த விதியைப் பொதுக்குழுவே ஏற்றிருந்தது. இப்போது எட்டுச் சுற்று என்று சொன்னவனின் கால்கள் “ரெண்டரை” என்றன, மீதி நேரம் மதகில் உட்கார்ந்து பேசிய அரசியலையும் ஒப்பித்தன. நாங்கள் கால்களைத் திட்டினோம். கால்கள் எங்களைத் திட்டின. வடை மட்டும் நிற்கவில்லை.

ஊரில் இதற்கெல்லாம் சந்தோஷப்பட்ட ஆள் ஒரே ஒருத்தி, ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் ஜெபசீலி. “இருபது வருசமா நான் தொண்டை வத்தச் சொன்னதைத்தானே அதுகளும் சொல்லுது. என் பேச்சைத்தான் கேக்கல, சொந்தக் கால் பேச்சையாவது கேளுங்களேன்” என்றாள். அவள் சொன்னபடி கேட்டது ஆவுடையப்பனின் மனைவி உலகம்மாள் மட்டும்தான். நேரத்துக்கு மாத்திரை, அளவாகச் சோறு, சாப்பிட்டவுடன் படுக்காமல் முற்றத்தில் அரைமணி நேர நடை, வீட்டுக்குள்ளேயும் மெத்தென்ற செருப்பு, வருடத்துக்கு ஒரு தடவை கண் பரிசோதனை என்று அந்த அம்மாள் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தார். அவருடைய கால்கள் காலையில் “நல்லாருக்கோம் தாயி” என்று இரண்டு சொல் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விடும். ஒழுங்காக இருக்கும் காலும் பேசத்தான் செய்யும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம், ஆனால் நாங்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எங்கள் காதெல்லாம் அவருடைய கணவரின் கால்கள் மேல் இருந்தது.

ஆவுடையப்பன் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்றவர், பதினெட்டு வருட சர்க்கரைக்காரர், பந்தியில் அவருக்குப் பக்கத்து இலையில் உட்கார எவனும் பயப்படுவான். அவருடைய கால்கள் பேசவில்லை. முதல் நாள் பேசவில்லை, மறுநாள் பேசவில்லை, பத்து நாள் ஆகியும் பேசவில்லை. முதலில் அவருக்கே கொஞ்சம் அவமானமாக இருந்திருக்கிறது, தரையில் இரண்டு தடவை ஓங்கி மிதித்தும் பார்த்திருக்கிறார். பிறகு கந்தையா கடையில் எங்கள் கால்கள் எல்லாம் எங்கள் மானத்தை வாங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில், ஐந்தாவது வடையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வெறுங்காலை நீட்டிக் காட்டினார்.

“கட்டுப்பாடு வே” என்றார். “எல்லாம் மனக்கட்டுப்பாடு. எசமான் ஆம்பளையா இருந்தா காலு ஏன் பேசுது?”

அன்று மாலையே அவரைச் சங்கத் தலைவராக்கினோம். குரல் வாக்கெடுப்பு, கால்களின் குரலைக் கணக்கில் எடுக்கவில்லை.

அதன் பிறகு ஆவுடையப்பன் என்ன செய்கிறாரோ அதுதான் ஊருக்கு மருத்துவம் என்று ஆனது. அவர் கருப்பட்டிக் காப்பி மூன்று வேளை குடித்தார். கருப்பட்டியில் சீனி கிடையாது என்று ஊர் புரிந்துகொண்டது. அவர் விருந்துக்குப் போனால் முதலில் ஒரு மாத்திரையைக் கூடுதலாக விழுங்கிவிட்டு முந்திரிக்கொத்துப் பலகாரத்தைக் கை நிறைய எடுப்பார். அந்தக் கணக்கை நாங்களும் பழகினோம். அவர் செருப்பைத் தூக்கி எறிந்துவிட்டு உச்சி வெயிலில் தார் ரோட்டிலும், கருவேல முள் உதிர்ந்து கிடக்கும் குளத்துக் கரையிலும் வெறுங்காலோடு நடந்து காட்டினார், முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. அவருக்குப் பின்னால் நாற்பது பேர் வெறுங்காலோடு நடந்தோம். எங்கள் கால்கள் “ஐயோ சுடுது, ஐயோ குத்துது” என்று கரை முழுக்கக் கத்தின, கட்டுப்பாடு இல்லாத பிறவிகள் என்று அவற்றைப் பார்த்து நாங்கள் வெட்கப்பட்டோம். பிள்ளைத்தாச்சிப் பெண்கள் வந்து அந்தக் காலைத் தொட்டுக் கும்பிட்டுப் போனார்கள், பிறக்கப் போகும் பிள்ளைக்குச் சுகர் வரக்கூடாது என்று.

ஜெபசீலி ஒருநாள் பஞ்சும், காலில் உணர்ச்சி பார்க்க ஒரு நைலான் இழையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே வந்தாள். நானும் அங்கே இருந்தேன்.

“அண்ணாச்சி, ஒரு நிமிசம் காலைக் காட்டுங்க. பேசாத காலு எனக்குப் பயமா இருக்கு. சுகர் கூடிக் கூடி நரம்பு செத்துருந்தா அதுக்குச் சூடு தெரியாது, குத்து தெரியாது. தெரியாததை அது எப்படிச் சொல்லும்? இப்பப் பாத்தாக் காப்பாத்திரலாம். விட்டீங்கன்னா ஒருநாள் முட்டுக்குக் கீழ எடுக்கச் சொல்லுவாங்க.”

உலகம்மாள் கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தார். “காட்டுங்களேன், பாக்கத்தானே கேக்கா” என்றார்.

ஆவுடையப்பன் சிரித்தார். “ஊரே என் காலைத் தொட வரிசையில நிக்கு. உனக்கும் தொடணும்னா ஐப்பசியில எனக்கு வைக்கப்போற பாராட்டு விழாவுல வரிசையில வா தாயி.”

நானும் சிரித்தேன். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சங்கத் தலைவரை அவர் வீட்டுக்கே போய்ப் பயமுறுத்திய நர்ஸை மாற்றக் கோரி மேலிடத்துக்கு ஒரு மனு போட வேண்டும் என்று கூட்டத்தில் முடிவானபோது, அந்த மனுவை எழுதியவன் நான்தான், என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால். எழுதி முடிக்கும்வரை என் கால்கள் “வேண்டாம் வே, வேண்டாம் வே” என்று சொல்லிக்கொண்டே இருந்தன. மேஜைக்கடியில் அவற்றை ஒன்றன் மேல் ஒன்று வைத்து அழுத்திக்கொண்டு எழுதினேன்.

உலகம்மாளுக்கு மட்டும் அதன் பிறகு நிம்மதி இல்லை. குளித்துவிட்டு வரும் கணவரின் ஈரக் கால்தடத்தில், வலது காலில் மட்டும், சுண்டு விரலுக்குக் கீழே பழுப்பாக ஒரு கறை விழுவதை அவர் பார்த்தார். கேட்டால் “செம்மண்ணு” என்பார். துணியால் துடைத்தாலும் போகாத மணம் ஒன்று கட்டில் காலடியில் இருந்தது, கேட்டால் “எலி செத்துருக்கும்” என்பார். அந்த அம்மாள் காலையும் மாலையும் சாம்பிராணி போட்டுக்கொண்டே இருந்தார். இந்த ஆளின் கால் போய்விடப்போகிறது என்ற பயத்தை ஊரில் யாரிடமும் சொல்ல முடியாமல், சொன்னால் புருஷன் பெருமை பொறுக்காதவள் என்ற பட்டம் வரும் என்று தெரிந்து, வாயை மூடிக்கொண்டிருந்தார்.

ஐப்பசியில் பாராட்டு விழா. சமுதாய நலக்கூடம் கொள்ளாத கூட்டம், மேடையில் சிம்மாசனம் மாதிரி ஒரு நாற்காலி, மாலைக்குள் முகம் பாதி மறைந்து ஆவுடையப்பன், பக்கத்தில் பட்டுச்சேலையில் உலகம்மாள். பாராட்டு என்றால் பொன்னாடையோடு முடித்திருக்கலாம், எங்களுக்கு அது போதவில்லை, அந்தக் கால்களுக்குப் பாத பூஜை செய்ய வேண்டும் என்று தீர்மானம் போட்டிருந்தோம். பெரிய பித்தளைத் தாம்பாளத்தில் இரண்டு கால்களையும் தூக்கி வைத்தோம். செயலாளர் என்பதால் முதலில் ஊற்றும் பாக்கியம் எனக்கு. தண்ணீர் விட்டேன். பிறகு பால் விட்டேன்.

பால் வெள்ளையாக விழுந்து ரோஜா நிறமாக ஓடியது.

நான் சொம்பைப் பிடித்தபடியே நின்றேன். முன்வரிசையில் யாரோ “குங்குமம்!” என்று கத்தினார்கள், உடனே ஒரு குலவைச் சத்தம், அது பின்வரிசைவரை பரவியது. அந்தப் பாலைத் தலையில் தெளித்துக்கொள்ளவும், வீட்டுக்குக் கொண்டுபோகவும் டம்ளரோடு மேடையேறி வந்தார்கள். கீரை வடைக்கும் இப்படித்தான் முண்டியடிப்போம். கும்பலை முழங்கையால் தள்ளிக்கொண்டு உலகம்மாள் தரையில் உட்கார்ந்து, கணவரின் வலது காலைத் தூக்கித் தன் பட்டுச்சேலை மடியில் வைத்துத் திருப்பினார்.

சுண்டு விரலுக்குக் கீழே, உள்ளங்காலில், ஒரு கருவேல முள் முறிந்து உள்ளே இருந்தது. எத்தனை நாளாக இருந்ததோ, அதைச் சுற்றிச் சதை கறுத்துக் குழிந்திருந்தது. மாலை, சந்தனம், ஊதுபத்தி எல்லாவற்றையும் மீறி அந்த மணம் மேலே வந்தது.

“முள்ளு” என்றார் உலகம்மாள். குலவைச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. திரும்பவும் சொன்னார். “இங்கேருங்க, முள்ளு.”

ஆவுடையப்பன் கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தவர், சிரிப்பு மாறாமல் குனிந்தார். “யாரு கால்லட்டி?” என்று கேட்டார்.

டம்ளர் பிடித்தவர்கள் நின்றார்கள். வரிசையின் கடைசியில், டம்ளர் இல்லாமல், ஜெபசீலி நின்றுகொண்டிருந்தாள். கூட்டம் அவளுக்கு வழிவிட்டது. அவள் ஒரு வார்த்தை குத்தலாகப் பேசவில்லை, பேசியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். பையிலிருந்து பஞ்சை எடுத்தாள்.

“அண்ணாச்சி, கண்ணை மூடிக்கிடுங்க. நான் தொடும்போது ‘ம்’முன்னு சொல்லுங்க.”

அவர் கண்ணை மூடினார். அவள் பெருவிரலில் தொட்டாள், நடுப்பாதத்தில் தொட்டாள், குதிகாலில் தொட்டாள். நைலான் இழையை எடுத்து வளையும்வரை ஊன்றினாள். அடுத்த காலிலும் அப்படியே பத்து இடத்தில் தொட்டாள். மண்டபத்தில் இருந்த எங்கள் கால்கள், ஆவணியிலிருந்து ஒரு நிமிடம் ஓயாதவை, அப்போது மூச்சுக்கூட விடவில்லை. ஆவுடையப்பன் கண்ணை மூடியபடி, வாயில் அந்த ‘ம்’மைத் தயாராக வைத்துக்கொண்டு, நல்ல பிள்ளையாகக் காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, “என்ன தாயி, இன்னும் ஆரம்பிக்கலையா?” என்றார்.

ஜெபசீலி பஞ்சைக் கீழே வைத்தாள். உலகம்மாள் அந்தக் காலைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதார். கண்ணைத் திறந்து அதைப் பார்த்த பிறகுதான் ஆவுடையப்பனுக்குப் புரிந்தது. எனக்கும் அப்போதுதான் புரிந்தது, புரிந்தவுடன் முதலில் ஞாபகம் வந்தது என் அழகான கையெழுத்து.

நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இழுத்தது. முட்டுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும் என்று முதல் நாள் சொன்னார்கள். எலும்புக்குள் சீழ் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று படம் எடுத்துப் பார்த்துப் பார்த்து, கிழித்துக் கழுவி, ஊசி மருந்து ஏற்றி, கடைசியில் இரண்டு விரலை மட்டும் எடுத்துவிட்டுக் காலை விட்டார்கள். இன்னும் ஒரு வாரம் கழித்து வந்திருந்தால் கால் இல்லை என்று டாக்டர் சொன்னார்.

ஊர் அதிர்ச்சியடைந்தது. மூன்று நாள் கந்தையா கடையில் வடை மிஞ்சியது. நான்காம் நாள் சங்கத்தின் அவசரக் கூட்டம் கூடி, இத்தனைக்கும் காரணம் கருவேல முள்தான் என்று ஒருமனதாகக் கண்டுபிடித்து, குளத்துக் கரையிலுள்ள கருவேல மரங்களை எல்லாம் வெட்ட வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. அன்று வடையும் டீயும் சங்கத்தின் செலவு. நான் இரண்டாவதாக ஒரு மனு எழுதினேன், முதல் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக. முதல் மனுவுக்கு நடவடிக்கை எடுத்தாகிவிட்டது என்று பதில் வந்தது. கார்த்திகை பிறந்த வாரம் ஜெபசீலி மலையடிவாரத்து ஊர் ஒன்றுக்கு மாற்றலாகிப் போனாள். போவதற்கு முன் உலகம்மாளிடம் அந்த நைலான் இழையைக் கொடுத்து எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

தையில் ஒருநாள் காலையில் ஆவுடையப்பனைப் பார்க்கப் போனேன். போகவே கூச்சமாக இருந்தது. அவர் முற்றத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், கால் உலகம்மாளின் மடியில். வெதுவெதுப்பான தண்ணீரா என்று அந்த அம்மாள் தன் முழங்கையை வைத்துப் பார்த்துவிட்டுக் கழுவினார், இருக்கிற விரல்களின் இடுக்கை ஒவ்வொன்றாக ஈரமில்லாமல் ஒற்றினார், உள்ளங்காலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவினார், இடுக்கில் தடவாமல் விட்டார். பிறகு ஒரு முகக்கண்ணாடியைக் கீழே பிடித்துப் பார்த்து, காலின் சார்பில் பேச ஆரம்பித்தார்.

“குதிகால்ல புதுசா ஒரு வெடிப்பு. பெருவெரல் ஓரத்துல செவப்பு, செருப்பு வார் அழுத்துது, மாத்தணும். பழைய புண்ணு காஞ்சு வருது. நேத்துச் சாயங்காலம் ஒரு கருப்பட்டிக் காப்பி குடிச்சிருக்கீங்க.”

“அது காலுக்கு எப்படிட்டி தெரியும்?”

“காலுக்குத் தெரியாது. கந்தையா அண்ணன்கிட்டக் கேட்டேன்.”

அந்த நேரம் பார்த்து, வாசலில் செருப்பைக் கழற்றி நின்ற என் கால்கள் ஆரம்பித்தன. ராத்திரி மாத்திரை போட்டுக்கொள்ள மறந்தது, பொங்கலுக்கு வந்த கரும்பு, போன வாரம் தள்ளிப்போட்ட கண் பரிசோதனை, இடது சுண்டு விரலில் ஒரு சுருக்சுருக்கென்ற வலி என்று எதையும் விடவில்லை. செத்துவிடலாம்போல இருந்தது. ஒரு காலால் இன்னொரு காலை மிதித்து அடக்கப் பார்த்தேன்.

“மிதிக்காதேயும் வே” என்றார் ஆவுடையப்பன். நாற்காலியில் முன்னால் சரிந்து, என் கால்களைப் பார்த்தபடி, கடைசிச் சொல்வரை கேட்டார். அவர் கண் கலங்கியிருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

“சுண்டு வெரல்ல வலிக்குன்னு சொல்லுச்சே” என்றார், “அதை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொல்லும்.”